செண்டுடுக்: நம் வேலியோரச் செடியின் வரலாறு

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதும், கல்வியின் சிறப்பைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு நம் பள்ளி வேலியோரத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் மனத்தை விட்டுப் போகவில்லை. அதையே எழுதுகிறேன்.

அறிவியல் பாடத்திற்காக, "இந்த நாட்டுக்கே உரிய பூச்செடி ஒன்று கொண்டு வாருங்கள்" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். வகுப்பில் பதினேழு பேர். மறுநாள் வந்தவற்றில் பெரும்பாலானவை செம்பருத்தி. இரண்டு மூன்று ரோஜா, ஒரு துளசி, ஒரு மல்லிகைக் கொடி. ஒரே ஒரு பையன் மட்டும் கால்வாய் ஓரத்தில் ஒடித்த செண்டுடுக் கிளையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். வகுப்பே சிரித்தது. "சார், அது களை சார்!" என்றார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கொண்டுவந்தவன் அவன் ஒருவன்தான்.

அன்றே நானும் மாணவர்களும் இருபது செண்டுடுக் குச்சிகளை வெட்டி வேலியோரம் நட்டோம். சில நாட்கள் கழித்து, பேரப்பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டார். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், இந்தச் சனியனை முப்பது வருசமா பிடுங்கித்தான் எம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டேன். நீங்க இதைத் தண்ணி ஊத்தி வளக்குறீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். எனக்கு அப்போது பதில் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தது ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சிதான், தாவரவியல் அன்று. பிறகு கிடைத்த நூல்களைப் படித்தேன், பெரியவர்களைக் கேட்டேன். இது பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில்.

செண்டுடுக் யாருக்கும் தெரியாத செடியில்லை. நெடுஞ்சாலை ஓரம், கால்வாய்க் கரை, செம்பனை நிரை முடியும் மேட்டு நிலம் எல்லா இடத்திலும் நிற்கும். ஆள் உயரத்துக்கு மேலும் போகும். இலையைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். நடுநரம்போடு சேர்ந்து பக்கத்துக்கு ஒன்றாக நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும். இந்த நரம்பை வைத்தே செடியைக் கண்டுபிடித்து விடலாம். பூ ஊதா நிறம், பெரும்பாலும் ஐந்து இதழ். காலையில் விரிந்த பூ ஒரு நாள்தான் இருக்கும். ஆனால் மறுநாள் அடுத்த மொட்டு தயாராக நிற்கும். காய் சின்னக் கிண்ணம் போல இருந்து, பழுத்ததும் வாய் பிளந்து, உள்ளே கருநீலச் சதையைக் காட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி தெரியும். தின்றது வீட்டில் தெரியக் கூடாது என்று நினைத்தாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

தாவரவியல் அறிஞர்கள் இதற்கு வைத்த பெயர் 'மெலஸ்டோமா மலபாத்ரிகம்'. மெலஸ்டோமா என்றால் கிரேக்க மொழியில் கறுப்பு வாய் என்று பொருள். நம் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டினாலே போதும், கிரேக்கம் படிக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்றார்கள்; நாமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டோம். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குப் பழக்கமான ஒரு பூவின் பெயரை இதன்மேல் ஏற்றி 'ஸ்ட்ரெய்ட்ஸ் ரோடோடெண்ட்ரன்' என்று அழைத்தார்கள். அந்தப் பூவுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

பெயரின் இரண்டாம் பகுதியில்தான் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. மலபாத்ரம் என்பது பழங்காலக் கிரேக்க வணிகர்கள் இந்தியாவிலிருந்து வாங்கிச் சென்ற மணமுள்ள ஓர் இலையின் பெயர். தமாலபத்திரம் என்ற சொல்லே அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று. செண்டுடுக் இலையின் நீள நரம்புகள் அந்த இலையைப் போலவே இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் இப்பெயரை 1753-ஆம் ஆண்டு தம் நூலில் பதிவு செய்தார். அதற்கும் முன்னே, கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலபார் நாட்டுச் செடிகொடிகளை எல்லாம் படம் வரைவித்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்பது அந்நூல். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தம் குடும்பத்து அறிவை அதற்கு வழங்கினார். நம் செண்டுடுக்கும் அதில் நிற்கிறது.

ஆகவே இது மலாயா மண்ணுக்கு மட்டும் சொந்தமான செடி என்றும் சொல்ல முடியாது. தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில் உண்டு, இலங்கையில் உண்டு, பர்மா, சயாம், மலாயா வழியாக ஆஸ்திரேலியாவின் வடகோடி வரை உண்டு. அங்கிருந்து இங்கு யாரும் கப்பலில் ஏற்றிக் கொண்டு வரவில்லை. பழத்தைத் தின்னும் சின்னப் பறவைகள்தான் பொடிப்பொடியான விதைகளைப் பரப்புகின்றன. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, புலாவ் ஜெரெஜாக் தீவில் தடுப்புக் காவல் இருந்து, காடு ஏறியபோது, மலையோரத்தில் பிறந்தவர்களாக இருந்தால் இந்தப் பூவை அடையாளம் கண்டிருப்பார்கள். சமவெளிக்காரர்களுக்கு அது புதுப் பூ.

இனிப் பினாங்கின் கதைக்கு வருவோம். செண்டுடுக்கின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த ஊரின் வரலாறு சுலபமாக விளங்கும். அடர்ந்த காட்டுக்குள்ளே இருட்டில் இது நன்றாக வளராது. மரத்தை வெட்டி, மண் வெயில் கண்ட இடத்தில் முதலில் வந்து நிற்கும் செடிகளில் இது ஒன்று. எங்கே காடு அழிந்ததோ அங்கே செண்டுடுக் வந்தது.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி ஏற்றினார். காடு வெட்ட ஆட்கள் சுறுசுறுப்பாக இறங்க வேண்டும் என்று, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, காடு வெட்டப்பட்டது உண்மை. பிறகு மிளகுத் தோட்டங்கள் வந்தன. அடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வந்தன. ஜாதிக்காய் 1860-ஆம் ஆண்டையொட்டி நோய் கண்டு அழிந்தது. 1800-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த எதிர்க்கரையில், அதாவது நம் செபராங் பிறையில், 1840-களில் ஐரோப்பியர்கள் பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். பத்திரம் எழுதிக்கொடுத்து வந்த தமிழர்கள் அங்கே வேலை செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கரும்பு போய் ரப்பர் வந்தது. இப்போது செம்பனையும் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும். பயிர் மாறிக்கொண்டே இருந்தது, முதலாளி மாறினார், வேலை செய்யும் ஆட்களும் மாறினார்கள். கைவிட்ட ஒவ்வொரு நிலத்திலும் மாறாமல் வந்து நின்றது செண்டுடுக்.

இதே காலத்தில் பினாங்கில் செடிகளை வளர்ப்பதற்கென்றே தோட்டங்களும் போட்டார்கள். கிறிஸ்டபர் ஸ்மித் என்பவர் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து அமைத்த தோட்டம் 1805-இல் விற்கப்பட்டது. 1822-இல் தொடங்கிய இரண்டாவது தோட்டமும் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்தது. அரசாங்கத்துக்குக் காசு தரும் செடி என்றால்தான் அப்போது மரியாதை. மூன்றாவது தோட்டம்தான் நிலைத்தது. 1884-ஆம் ஆண்டு சார்ல்ஸ் கர்ட்டிஸ், நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்கில் பழைய கருங்கல் உடைத்த இடத்தைத் திருத்தி அமைத்தார். நமக்குத் தண்ணீர்மலை என்றதும் தைப்பூசமும் காவடியும் நினைவுக்கு வரும். அந்தத் தண்ணீர்மலைப் பூங்காதான் இது. ஜார்ஜ் டவுனுக்கு ஃபெரியில் போய் இறங்கிப் பேருந்து பிடித்தால் பிள்ளைகளை ஒரே நாளில் காட்டிவிட்டு வரலாம்.

கர்ட்டிஸ் மற்ற தோட்டத் துரைமார்களைப் போல் வெளியூர்ச் செடிகளை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. மலையேறித் திரிந்து, பினாங்குத் தீவில் தானாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் பட்டியல் போட்டு 1894-இல் வெளியிட்டார். காசு தராத செடிக்கும் ஒரு பெயர் உண்டு, அதை எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்ததே பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது. அவர் 1903-இல் ஓய்வு பெற்றார். 1910-இல் அந்தத் தோட்டத்தையே நீர்த்தேக்கமாக மாற்றும் திட்டம் வந்து, செடிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. நல்லவேளை, திட்டம் நிறைவேறவில்லை, தோட்டம் பிழைத்தது. 2021-இல் பினாங்கு மலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது இந்தப் பூங்காவும் அதற்குள் அடங்கியது. அந்தப் பூங்காப் படத்தில் உள்ள மலைப்பாதை ஓரங்களில், யாரும் நடாமலே, செண்டுடுக் பூத்து நிற்பதைக் காணலாம்.

தண்ணீர்மலையில் பூவுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்களை அடுத்துத்தான் தோட்டங்களில் வேறு பாடம் நடந்தது. பால்மரத்தின் அடியில் ஒரு புல் கூட இருக்கக் கூடாது என்பது அன்றைய துரைமார்களின் கட்டளை. களை மரத்தின் சாப்பாட்டைத் திருடுகிறது என்று நம்பினார்கள். பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, ஆணும் பெண்ணும் மண்வெட்டியோடு நிரை பிடித்துச் சுரண்டினார்கள். வெளிக்காட்டு வேலையில் பெண்கள்தான் அதிகம். லாலான் புல், பெரணி, செண்டுடுக் ஆகியவைதான் அவர்களுடைய எதிரிகள். செண்டுடுக்கை மேலே வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். வேரோடு கிளப்ப வேண்டும். மழைக்குப் பிறகு கிளப்பினால் சுலபம், வெயிலில் இடுப்பு ஒடியும் என்று என் பாட்டி சொல்லுவார்.

அப்படித் துடைத்து வைத்த சரிவுகளில் மழை பெய்தால் என்ன ஆகும்? மேல்மண் ஆற்றோடு போயிற்று. எத்தனை காலமாகச் சேர்ந்த மண்! துரைமார்கள் இதை மெதுவாகத்தான் உணர்ந்தார்கள். 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை விழுந்தபோது களை எடுக்கக் காசில்லை என்று வேலையைக் குறைத்தார்கள். நம்மவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். களை வளர்ந்தது. மரம் சாகவில்லை! 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முதலானவர்கள், மண்ணைத் திறந்து போடக்கூடாது, மூடுபயிர்க் கொடி போடுங்கள் என்று சொல்லி வந்தார்கள். அந்தப் பேச்சு அதன் பிறகு நன்றாக ஏறியது. மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முதுகு வளைந்தவர்களிடம் மட்டும், அந்த வேலையில் பாதி தேவையில்லாத வேலை என்று யாரும் வந்து சொல்லவில்லை.

மண்வெட்டிக்குப் பிறகு மருந்து வந்தது. 1960-களுக்குப் பிறகு 'பாராகுவாட்' என்னும் களைக்கொல்லி தோட்டங்களில் பரவியது. முதுகில் தோம்பு மாட்டி மருந்து அடித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. என் அம்மாவும் ஒருவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். கையுறை பெயருக்குத்தான். விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்ததையும், சில நாள் மூக்கில் ரத்தம் வந்ததையும் நான் சிறுவனாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். அந்த மருந்து பட்ட இலையை மட்டுமே கருக்கும், வேரைத் தொடாது. எனவே செண்டுடுக் ஒரு மழைக்குப் பிறகு மறுபடியும் துளிர்த்துவிடும். அம்மாவின் நகம் அவ்வளவு சீக்கிரம் முளைக்கவில்லை. நம் அரசாங்கம் 2002-இல் அந்த மருந்துக்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. அதற்குள் எங்கள் லயமே இடிந்து வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது.

மாணவர்கள் கொண்டுவந்த செம்பருத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்ற மறுவருடம், 1958-இல், தேசிய மலருக்கு ஆலோசனை கேட்டார்கள். செம்பருத்தி, மல்லிகை, தாமரை, ரோஜா, சண்பகம், மகிழம்பூ, கெனாங்கா ஆகிய ஏழும் போட்டியில் இருந்தன. நம் மாலைக்கடைக்குப் போனால் பாதிப் பூக்கள் அங்கே இருக்கும்! 1960 ஜூலை 28-ஆம் நாள் செம்பருத்தி, 'பூங்கா ராயா' என்ற பெயரில், தேசிய மலராயிற்று. நல்ல தேர்வுதான், எல்லா வீட்டு வாசலிலும் பூக்கிற பூ. ஆனால் அது இந்நாட்டுக் காட்டில் தானாக முளைத்த செடி அன்று. வணிகக் கப்பல்களோடு கரையேறிய பூ. வெளியிலிருந்து வந்து, வாசலில் வேர் பிடித்து, நாட்டின் மலராகவே ஆகிவிட்டது. ஏழில் செண்டுடுக் இல்லை. களைக்கு யார் வோட்டுப் போடுவார்கள்?

இனிச் செடி வளர்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நட்ட இருபது குச்சிகளில் முதல் மாதத்திலேயே ஏழு காய்ந்துவிட்டன. மற்றவை இலை மஞ்சளித்துக் குன்றி நின்றன. ஏழை மண் என்று நினைத்து நான் பிள்ளைகளை விட்டு அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் போடச் சொல்லியிருந்தேன். பள்ளித் தோட்டத்துக் கீரைக்கு அப்படித்தானே செய்வோம். அந்தப் பாட்டி மறுபடி வந்து பார்த்தார். "சாம்பலைக் கொட்டி ஏன் சார் கொல்றீங்க? லயத்துக்குச் சுண்ணாம்பு கரைச்ச குழி ஓரத்துல இது ஒருநாளும் மொளச்சதில்ல. செம்மண்ணுக் கட்டாந்தரையிலதான் மொளைக்கும்" என்றார்.

நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது இது: நம் பகுதியின் செம்மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வந்து பெரும்பாலான பயிர்களின் வேரைக் கெடுக்கும். செண்டுடுக் அந்த அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது இருந்தால் இன்னும் நன்றாகவே வளர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் புளிப்பை முறித்துவிடும். ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டதைப் பாட்டி முப்பது வருடம் குனிந்து பார்த்தே கண்டிருக்கிறார்.

குச்சி நடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தரையோடு தாழ்ந்து கிடக்கும் கிளையை வளைத்து, அடிப்பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தார். பதியம் போடுவது என்று நாம் சொல்வோமே, அதுதான். வேர் விட்ட பிறகு தாய்ச் செடியிலிருந்து வெட்டிவிட வேண்டும். குச்சிதான் நடுவேன் என்பவர்கள், முற்றாத பச்சையும் முற்றிய மரமும் இல்லாத நடுத்தரக் கிளையைப் பென்சில் பருமனில் எடுத்து, பாதி இலையைக் கிள்ளிவிட்டு, வேர் பிடிக்கும்வரை நிழலில் வையுங்கள். விதை போட்டால் மண்ணால் மூடாதீர்கள். ஈர மண்ணின் மேலே தூவினால் போதும். வேர் பிடித்த செடிக்கு நல்ல வெயில் வேண்டும். உரம் வேண்டாம். பூத்து ஓய்ந்த கிளைகளைக் கத்தரித்துவிட்டால் புதராகாமல் பூச்செடியாகவே நிற்கும். தோட்டப் பயிர் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் நடாதீர்கள். பறவை விதையைக் கொண்டுபோய்ப் போட்டு மண்டோரிடம் ஏச்சு வாங்கித் தரும். அமெரிக்காவில் இதைக் கெடுதலான களைப் பட்டியலில் வைத்து உள்ளே விடுவதில்லை. தன் ஊரில் பூ, அயலூரில் களை.

இன்னொன்று: இளந்துளிரை வயிற்றுப்போக்குக்கு மென்று தின்பது கிராமத்து வழக்கம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இதை நம்பி இருக்க வேண்டாம், கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

செடி பூத்ததும் காலையில் கருவண்டுகள் வந்தன. மாணவர்களை வேலிக்கு அழைத்துச் சென்று பார்க்கச் சொன்னேன். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. மஞ்சள் நிறத்தில் சிறிய கேசரங்களும், ஊதா நிறத்தில் நீண்டு வளைந்த கேசரங்களும் இருக்கும். வண்டு மஞ்சளைப் பிடித்துக்கொண்டு 'ஙொய்' என்று உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்ச்சியில் பையிலுள்ள சின்னத் துளை வழியாகப் பொடி கொட்டும். வண்டு மஞ்சளைத் தின்னக் கொண்டுபோகும்போது, ஊதாக் கேசரம் அதன் உடம்பில் பொடியைப் பூசி அனுப்பும். அதுதான் அடுத்த பூவுக்குப் போகிறது. கிளையைச் செய்தித்தாளில் சுற்றி வந்த பையன் அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மணி அடித்தும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது வேலியோரம் பதினொரு செடிகள் நிற்கின்றன. நான்கு நாங்கள் நட்டு மிஞ்சியவை. ஏழு பாட்டி பதியம் போட்டவை. விழாவுக்கு வருகிறவர்கள் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகலாம், பழமிருந்தால் பறித்தும் தின்னலாம். மாணவர்களின் வெள்ளைச் சட்டையில் கறை பட்டால் மட்டும் பள்ளி பொறுப்பேற்காது.